யன்னலைச் சாத்திப் படித்த சிங்களம்

என்னுடைய முதல் வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்கக் கூடாது என்பது நானே போட்ட விதி.

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பின்னால் ஒரு நெல்லுக் களஞ்சியம் இருந்தது. அதன் பின்னறைதான் வகுப்பு. வீதிப் பக்கம் இரண்டு யன்னல்கள், இரண்டும் சாத்தியபடி. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு ஒன்பது அரசாங்க உத்தியோகத்தர்கள் வருவார்கள். ஒன்றாக வரமாட்டார்கள். ஒருவர் நுழைந்து ஐந்து நிமிடம் கழித்தே அடுத்தவர் வருவார். நான் கரும்பலகையில் சிங்களத்தில் எழுதுவேன், அவர்கள் கொப்பியில் எழுதுவார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டில் எழுதி நீட்டுவார்கள். அந்தத் துண்டின் பின்பக்கத்தில் மறுமொழி எழுதித் திருப்பிக் கொடுப்பேன். ஐந்து மணிக்குப் பலகையை ஈரத் துணியால் இரண்டு தரம் துடைப்பேன். பிறகு ஒவ்வொருவராக வெளியேறுவோம்.

மொழி படிப்பிக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இது பகிடியாகத் தெரியும். நீங்கள் யாழ்ப்பாணத்து டியூட்டரிகளில் கொட்டகை நிறைந்த பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கி வைத்து ஆங்கிலம் படிப்பிக்கிறீர்கள். வெளிநாடு போகக் காத்திருப்பவர்களுக்கு ஜேர்மன் படிப்பிக்கிறீர்கள். வளர்ந்த ஆட்களுக்கு இன்னொரு பாஷை படிப்பிப்பது எப்படி என்று என்னிடம் கேட்டிருந்தீர்கள். இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலையைச் செய்தவன் என்பதால் சில உபாயங்கள் தெரியும். அவற்றைச் சொல்கிறேன். ஆனால் அவற்றால் மட்டும் ஒரு வாத்தியார் உருவாகிவிட மாட்டார் என்பதை நான் பிந்தித்தான் அறிந்தேன். அறிந்த விதத்தையும் சொல்ல வேண்டும்.

யன்னல்களை ஏன் சாத்தினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறாம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. அதற்குப் பிறகு அரசாங்க வேலையில் சேர்ந்த தமிழர்கள் குறித்த தவணைக்குள் சிங்களப் பரீட்சையில் தேற வேண்டும். தேறாவிட்டால் வேலை இல்லை. மறுபக்கத்தில், சிங்களம் படிக்காதீர்கள் என்று மேடைகளில் சொன்னார்கள். படித்தவனுக்கு ஊர் வைத்த பெயர்களை இங்கே எழுத மாட்டேன். என்னிடம் வந்த ஒருவரின் தகப்பனார் அரசாங்க அதிபரின் கச்சேரி வாசல் மறியலில் பொலிஸ் அடி வாங்கியவர். அவருடைய கை கட்டுப்போட்டிருந்த நாட்களில் மகன் என் அறையில் சிங்கள அரிச்சுவடி எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டவர்கள்.

ஊருக்கு நான் களஞ்சியத்து எழுதுவினைஞன். அந்த அறைக்குள் மட்டும்தான் எனக்கு "மாஸ்டர்" என்ற பெயர்.

சிங்களம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. எங்களுடைய குடும்பம் இந்தத் தீவிலேயே சரவணை என்ற ஊர். ஆனால் ஐயாவுக்குத் தெற்கே ஒரு சின்னப் பட்டினத்தில் பலசரக்குக் கடை இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து அந்தக் கடையில் நின்றவன் நான். ஐம்பத்தெட்டில் கடையை எரித்தார்கள். எரிக்க வந்தவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அவர்களில் இருவர் நாளாந்தம் எங்களிடம் வெற்றிலை வாங்கியவர்கள். நாங்கள் உடுத்த உடுப்போடு சரவணைக்கு வந்து சேர்ந்தோம்.

ஆகவே என்னுடையது கடைச் சிங்களம். என் முன்னால் இருந்தவர்களோ ஆங்கிலத்தில் சோதனை பாஸ் பண்ணிக் கழுத்துப்பட்டி கட்டியவர்கள். நான் வாய் திறந்தால் இது சாமான் நிறுப்பவனின் பேச்சு என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கூசினேன். எழுத்தைப் பிறகு பாலர் வாசிப்புப் புத்தகங்களிலிருந்து நானாகப் படித்திருந்தேன், எழுத்தில் என்னைப் பிழை பிடிக்க ஏலாது. சாத்திய யன்னல் அவர்களை ஊரிடமிருந்து மறைத்தது. என்னை அவர்களிடமிருந்து மறைத்தது. விதியைப் போட்டபோது முதலாவது காரணத்தை மட்டும் சொன்னேன்.

இந்த ஒன்பது பேரில் ஒருவர் சிவபாதம். வேலணை ஆள், இருபத்தொன்பது வயது, ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் முத்திரை விற்கும் கருமபீடத்தில் இருந்தவர். கல்யாணம் முடித்து ஒரு குழந்தை. தோட்டத்துக் காணி தமையனுக்குப் போய்விட்டது. இந்த வேலை போனால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். வகுப்பில் முதலாவது அவர்தான்.

அவர் என்னிடம் வந்தபோது ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு வந்தார். ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிங்களம் படிக்க எழுதிய புத்தகம். சிவபாதம் ஒரு வசனத்தை முதலில் ஆங்கிலத்தில் நினைப்பார், பிறகு சொல்லுக்குச் சொல் தலைகீழாகத் திருப்பிச் சிங்களமாக்குவார். ஒரு வசனத்துக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். நான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன்: "ஆங்கிலத்தை விடும். தமிழில் நினையும்." கீழே ஓர் உதாரணம். "எனக்கு விளங்கவில்லை" என்று நாங்கள் சொல்வதைச் சிங்களவர் "மட்ட தேரென்னே நே" என்கிறார்கள். எனக்கு, விளங்குவது, இல்லை. அதே மூன்று படி, அதே ஒழுங்கு. அவர் அந்தத் துண்டை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை மூடிக் கதிரைக்குக் கீழே வைத்தார். மூன்று மாதத்தில் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார்.

இது உங்களுக்கு முதலாவது உபாயம். உங்களிடம் வருகிறவர் எந்தப் பாஷையில் கோபப்படுகிறாரோ அதிலிருந்து பாலம் போடுங்கள். பெருமைக்காகப் படித்த பாஷையிலிருந்து போடாதீர்கள். ஜேர்மன் படிப்பிக்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். இரண்டாவது உபாயம், எங்களுடைய வாய்க்கு இல்லாத ஒலிகளை முதல் கிழமையிலேயே பிடிக்க வேண்டும். நாங்கள் ஒரே "ப"வைப் பாலுக்கும் பந்தத்துக்கும் இரண்டு விதமாகச் சொல்லிப் பழகியவர்கள், ஆனால் அந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. சிங்களத்தில் அவை இரண்டு எழுத்து. எழுதும்போது கவனமாக எழுதிவிடலாம். நாக்குக் கவனிக்காது. நாக்குக்குத் தனியாகப் படிப்பிக்க வேண்டும். இந்த இரண்டாவதை நான் அன்று செய்யவில்லை.

எழுத்துப் பரீட்சையில் சிவபாதம் நல்ல புள்ளி வாங்கினார். வாய்மொழிப் பரீட்சைக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். போய் வந்த அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் போனபிறகும் அவர் இருந்தார்.

"என்ன கேட்டவை?" என்றேன். அந்த அறையில் நாங்கள் உரத்துக் கதைத்தது அன்றுதான் முதல் தடவை. தமிழில்.

"எந்த றெயினிலை வந்தனீர் எண்டு கேட்டவர், மாஸ்டர்."

"விளங்கினதோ?"

"விளங்கினது. மறுமொழியும் தெரியும். கண்ணுக்கு முன்னாலை எழுத்து எழுத்தாய் நிக்குது. வாய்தான் திறக்குதில்லை. கொஞ்ச நேரம் பாத்திட்டு, ஒரு கடதாசி தாங்கோ எண்டு கையாலை காட்டினனான்."

"கடதாசியோ?"

"ஓம். அவர் தரேல்லை. பிறகு மேசையிலை விரலாலை எழுதினனான்." அவர் சிரித்தார். "அந்தாள் பக்கத்திலை இருந்தவரைப் பாத்து, இவன் ஊமையோ எண்டு கேட்டுது. அதுவும் எனக்கு விளங்கினது, மாஸ்டர்."

சிரிப்பு நின்றது. "இன்னும் ஒரு தரம்தான் விடுவினமாம். அதுவும் தவறினால் வீட்டை போக வேண்டியதுதான். நாலு மாசம் இருக்கு."

ஒன்பது பேரைப் பேச்சில்லாமல் பழக்கியவன் நான். மொழி தெரிந்த ஒரு மனிதனை நான்தான் ஊமையாக்கி அனுப்பியிருந்தேன். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஒரு கேள்வியைப் பலகையில் எழுதினேன்: "இன்றிலிருந்து உரத்து வாசிப்போமா?" ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். எட்டுத் துண்டுகளில் "ஏலாது" என்று வந்தது. ஒன்றில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அது சிவபாதத்தின் துண்டு. யன்னல்களைத் திறந்துவிட எனக்கு அதிகாரம் இருந்தது. நான் திறக்கவில்லை. துண்டுகளை எண்ணி, பெரும்பான்மை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இளைய நண்பர்களே, வகுப்பறையில் சில விஷயங்களுக்கு வாக்கெடுப்பு வைக்கக் கூடாது.

சிவபாதத்தை மட்டும் வேறு வழியில் கரைசேர்க்கலாம் என்று யோசித்தேன். நயினாதீவு விகாரைக்குத் தெற்கிலிருந்து யாத்திரிகர்கள் வரும் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு அந்தத் தீவின் இறங்குதுறைக்குப் போனேன். வெள்ளை உடுத்த ஒரு வயதான சிங்களப் பெண் அவரிடம் வந்து, திரும்பும் வள்ளம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நாலு மணி என்று சொல்ல அவருக்குத் தெரியும். ஆனால் அம்மன் கோயிலுக்கு வந்த வேலணை ஆட்கள் இரண்டு பேர் பத்தடி தூரத்தில் நின்றார்கள். சிவபாதம் நாலு விரலைக் காட்டினார். அந்த அம்மா அவருடைய விரல்களைத் தொட்டு வணங்குவதுபோல ஏதோ செய்துவிட்டுப் போனார். வாய் பேசாதவர் என்று இரங்கியிருக்க வேண்டும்.

மிச்சம் இருந்தது பேக்கரி.

ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் பின்னால் ஒரு சிங்களவர் பேக்கரி வைத்திருந்தார். நான் தெற்கிலிருந்து திரும்பி வருவதற்கு முன்பே அங்கே வந்துவிட்டவர். எல்லோருக்கும் அவர் பாண்கார மாத்தையா, சிங்களத்தில் ஐயா என்பதுபோல. அவருடைய பாண் விடிய முதல் வள்ளத்தில் எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் போகும். இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடைக்கும் அவர்தான் பாண். அவருடைய தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தீவான் ஒருவன் பேசுகிறான் என்றுதான் சொல்வீர்கள். தமிழில் எழுதவும் தெரியும். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் மாப் படிந்த கையை இடுப்புத் துணியில் துடைத்தார்.

"இருவது வரியமாய் இந்த ஊரிலை இருக்கிறன். ஒருத்தரும் என்னோடை என்ரை பாஷையிலை ஒரு வார்த்தை கதைச்சதில்லை. இப்ப சோதினைக்காக வாறியள்."

"ஓம்," என்றேன்.

"சரி, வரச்சொல்லுங்கோ. மத்தியானம் ஒரு மணிக்கு அடுப்பு ஆறியிருக்கும். ஆனால் ஒண்டு. இந்தப் படலைக்கு உள்ளை வந்தால் தமிழ் இல்லை. தமிழிலை கேட்டால் எனக்குக் காது கேளாது."

சிவபாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போகத் தொடங்கினார். நான் முடிந்த நாட்களில் போய் ஒரு மா மூட்டையில் இருந்து பார்ப்பேன். முதல் கிழமை அவர் ஒரு சொல் சொல்வதற்குள் வியர்த்துவிடுவார். மாத்தையா விடமாட்டார். அந்தத் தட்டை எடு, இந்த அச்சைத் துடை, இது என்ன, அது ஏன். பிழையாகச் சொன்னால் வயிறு குலுங்கச் சிரிப்பார். வேலையாட்கள் இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். ஒருநாள் சிவபாதத்துக்கு முகம் கறுத்துவிட்டது. அன்று மட்டும் மாத்தையா தம்முடைய விதியை மீறித் தமிழில் சொன்னார்:

"ஐயா, கோவிக்காதேங்கோ. நான் இஞ்சை வந்த புதுசிலை சந்தையிலை மீன்காரிமார் என்னைச் சுத்தி நிண்டு சிரிச்சவை. ஒவ்வொரு நாளும். அவையள் சிரிச்ச சொல்லு ஒண்டையும் நான் இண்டுவரை பிழைவிட்டதில்லை. சிரிக்காமல் விட்டதுகளிலைதான் இப்பவும் பிழை விடுறன்."

எனக்கு ஆசான் என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்தால் அது இந்த மனிதர்தான். அவருடைய பெயரை நான் கேட்டதேயில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. அவர் சொன்னதை உங்களுக்கு மூன்றாவது உபாயமாகத் தருகிறேன். பிழை விடுகிறவனைப் பார்த்துச் சிரிக்கலாம். அவன் நாளைக்கும் வருவான் என்ற உறுதி உங்களுக்கு இருந்தால் மட்டும்.

மா மூட்டையில் இருந்த எனக்கு இன்னொன்றும் விளங்கியது. மாத்தையா பேசியது அச்சொட்டாக என்னுடைய சிங்களம். அதே கடைப் பேச்சு. அதைக் கேட்டுச் சிவபாதம் நாளுக்கு நாள் தேறிக்கொண்டிருந்தார். நான் கூசி மறைத்து வைத்திருந்த சாமான்தான் அவருக்குத் தேவைப்பட்டது. அதை முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கையில் தேத்தண்ணிக் கடைக் கனகர் அண்ணை என்னைக் கூப்பிட்டார். தெற்கே எங்கள் கடைக்குப் பக்கத்துக் கடை அவருடையது. சுருட்டு வியாபாரம். இரண்டு கடைகளும் ஒரே நாளில் எரிந்தன. எனக்கு அவர் பத்து வயது மூப்பு, என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவார். வந்தபிறகு அவருடைய வாயிலிருந்து அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் வந்து நான் கேட்டதில்லை.

"இரும் தம்பி," என்றார். "பேக்கரிக்குள்ளை சிங்களப் பள்ளிக்கூடம் நடக்குதாம். விறகு பறிக்கப் போன வண்டில்காரன் கேட்டிருக்கிறான்."

"அப்பிடியோ?"

"தபால்கந்தோர்ப் பெடியனைப் பிடிச்சு வைச்சு மாத்தையா படிப்பிக்கிறானாம். இருவது வரியம் பாண் போட்ட மனிசனுக்கு இப்ப என்ன பள்ளிக்கூடம்? ஆரோ சொல்லித்தானே செய்யிறான். கடற்படைக்காரர் பாண் வாங்க வாற சாட்டிலை வந்து போறாங்கள். இண்டைக்கு ஒருத்தன், நாளைக்கு ஆர் ஆரோ. நீரும் நானும் அங்கை இருந்து வந்தனாங்கள். உமக்கு ஏதும் தெரியுமோ?"

அவர் என்னுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் அனுப்பினனான். அந்தப் பெடியனுக்கு வேலை போகப்போகுது. மாத்தையா எனக்குச் செய்யிற உதவி" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வசனம். கனகர் அண்ணை கோபக்காரர், நியாயம் தெரியாதவர் அல்ல. ஆனால் அதைச் சொன்னால் களஞ்சியத்து அறையும் வெளியே வரும், ஒன்பது பேரும் வருவார்கள், நானும் வருவேன்.

"எனக்கென்ன தெரியும் அண்ணை," என்றேன்.

"அதுதானே. உமக்கென்ன தெரியும்," என்று அவர் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார்.

அடுத்த நாள் அவருடைய கடையில் பாண் இல்லை. யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து பஸ்ஸில் பாண் வந்தது. அந்தக் கிழமைக்குள் வள்ளக்காரர் மாத்தையாவின் பெட்டிகளை ஏற்ற மறுத்தார்கள். ஒருவரும் அவரை அடிக்கவில்லை, ஏசவில்லை, ஒரு கல்லும் எறியவில்லை. வாங்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். நாள்தோறும் புகை வந்த புகைபோக்கியில் கிழமைக்கு மூன்று நாள் புகை வந்தது. பிறகு ஒரு நாள். வேலையாட்கள் இருவரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

நான் போய்ப் பாடத்தை நிறுத்துவோம் என்று சொன்னேன். அவர் வெறுந்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் நிப்பாட்டுறது? இன்னும் பத்து நாள்தானே. இப்ப விட்டால் அந்தாள் திரும்பவும் கடதாசி கேப்பார்."

"உங்களுக்கு இது..."

"எனக்கு முடிஞ்சுது மாஸ்டர். அவருக்காவது முடியட்டும்."

கனகர் அண்ணையிடம் நான் சொன்ன பொய்யை மாத்தையாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

சிவபாதம் தேறினார். வாய்மொழியில் பரீட்சகர் அவரை ஊர் எது என்று இரண்டு தரம் கேட்டாராம். யாழ்ப்பாணத்தான் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லையாம். முடிவுக் கடிதம் அவர் வேலை செய்த தபால் கந்தோருக்கே வந்தது. அவருடைய கையாலேயே பிரித்தார். அன்று பின்னேரம் களஞ்சியத்துக்கு வந்து என் காலில் விழப் பார்த்தார். மாத்தையாவுக்குச் சொன்னீரா என்று கேட்டேன். ஆறுதலாகப் போய்ச் சொல்ல வேண்டும், இப்போது அந்தப் பக்கம் போனால் ஆட்கள் பார்ப்பார்கள் என்றார். நான் தலையாட்டினேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தேறியவர்களைத் தெற்கே மாற்றுவது வழக்கம். சிவபாதத்தையும் மாற்றினார்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார். எழுபத்தேழுக் கலவரத்தில் குடும்பத்தோடு கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அப்போது அவருடைய சிங்களம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எதற்கு என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. நான் பிறகு அரசாங்கமே நடத்திய வகுப்புகளில் படிப்பித்து இளைப்பாறினேன். முதல் நாளே யன்னல்களைத் திறந்து வைத்து உரத்துப் பேசச் சொல்வேன். பயந்தவர்கள் எழுந்து போவார்கள். போகவிட்டேன். அவர்களில் சிலருக்கு வேலை போயிருக்கும். அதுவும் சரியான தீர்ப்போ என்று எனக்கு நிச்சயமில்லை. ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொரு விதமான கடுமைக்குப் பழகிவிட்டேன் என்று சில நாள் தோன்றும். நீங்கள் உங்கள் காலத்துக்கு ஏற்றபடி முடிவெடுங்கள். ஆனால் முடிவெடுக்கும் நேரம் வரும்போது அது அறிவித்தல் கொடுத்துவிட்டு வராது. எனக்கு வந்தது, சிவபாதத்துக்கு மாற்றம் வருவதற்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, தபால் கந்தோரில்.

நான் ஒரு தபாலட்டை வாங்க வரிசையில் நின்றேன். ஏழெட்டுப் பேர் இருந்தோம். எனக்கு இரண்டு பேர் பின்னால் கனகர் அண்ணை நின்றார், கையில் பதிவுத் தபால். கருமபீடத்துக்குள் சிவபாதம். அப்போது பாண்கார மாத்தையா உள்ளே வந்தார். கோடு போட்ட சேட்டு, காலில் சப்பாத்து, கையில் ஒரு தகரப் பெட்டி. வெளியே பட்டண பஸ் நின்றது. ஊரைவிட்டுப் போகிறார் என்று பார்த்தவுடன் எல்லோருக்கும் விளங்கியது. வரிசையில் நின்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் அவருக்கு வழிவிட்டார்கள். அதை மரியாதை என்று சொல்ல மாட்டேன்.

அவர் கம்பி வலைக்கு முன்னால் போய் நின்றார். சிவபாதத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஆறு கிழமையாகச் சிவபாதத்தோடு அவர் பேசிய பாஷை ஒன்றுதான். அந்தப் பழக்கத்திலேயே கேட்டார்.

"மஹத்தயா, பாஸ் வுணாத?"

தேறிவிட்டீர்களா என்று கேட்கிறார். அங்கே நின்ற யாருக்கும் அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. சிவபாதம் முத்திரைப் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு மாத்தையாவுக்குப் பின்னால் நின்ற எங்களைப் பார்த்தார்.

"என்ன? எனக்கு விளங்கேல்லை. தமிழிலை சொல்லும்."

பேக்கரிக்குள் அவர் மாத்தையாவை ஒருநாளும் மரியாதையில்லாமல் விளித்ததில்லை. இப்போது "சொல்லுங்கோ" என்றுகூட வரவில்லை.

மாத்தையாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எடுத்துவிட அவருக்கு நேரம் போதவில்லை. அவர் திரும்பினார். வரிசையில் என்னைக் கண்டார்.

"மாஸ்டர்," என்றார். மிச்சத்தைச் சிங்களத்தில் கேட்டார். நீங்களாவது சொல்லுங்கள், இவர் தேறினாரா?

மாஸ்டர் என்ற சொல் அந்தக் கந்தோருக்குள் எல்லோர் காதிலும் விழுந்தது. எனக்கு நேரே சுவரில் வெளிநாட்டுத் தபால் கட்டண அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. நான் அதை வாசித்தேன். மலாயாவுக்கு எவ்வளவு, இங்கிலாந்துக்கு எவ்வளவு என்று வரிவரியாக வாசித்தேன்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் சிங்களத்தில் மறுமொழி சொன்னது. சுத்தமான தெற்குப் பேச்சு, தடங்கல் இல்லை, அவசரம் இல்லை. ஆம், தேறிவிட்டார். மிகத் திறமாகத் தேறிவிட்டார். நீங்கள் நன்றாகப் படிப்பித்திருக்கிறீர்கள்.

கனகர் அண்ணை. முடிவு அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை தெரியாமலே, சிவபாதத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

மாத்தையா அவருக்குத் தலை சாய்த்தார். பிறகு கம்பி வலைப் பக்கம் திரும்பி, அப்பழுக்கில்லாத தீவுத் தமிழில் கேட்டார்: "என்ரை கடிதங்களைத் திருப்பிவிட ஒரு படிவம் தாருங்கோ ஐயா." சிவபாதம் கொடுத்தார். மாத்தையா மூலை மேசையில் நின்று தம்முடைய புது முகவரியைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பஸ் புறப்பட்டது.

வரிசை நகரவில்லை. கனகர் அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டவர். குரலை உயர்த்தவில்லை.

"இவருக்கு என்னத்தைப் படிப்பிச்சனீர், மாஸ்டர்?"

எனக்கு முன்னால் நின்றவர் முத்திரை வாங்கிக்கொண்டு விலகினார். கம்பி வலைக்கு அப்பால் சிவபாதம் தலை நிமிராமல் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு தபாலட்டை என்றேன்.